இடுப்பில் இருந்த கறுப்புப் பொருக்கு

கொரோனா நாட்களில் பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தாதியாக இருந்தேன். காய்ச்சல் என்று யார் வந்தாலும் எங்கள் வார்டுதான். மூக்கில் குச்சியை விட்டுப் பார்ப்போம். இல்லை என்று வந்தால் மறுபடியும் பார்ப்போம். மற்றக் காய்ச்சல்களெல்லாம் லீவில் போய்விட்டன என்று நினைத்தோமோ என்னவோ.

மடுல்சீமையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வந்து சேர்ந்தார். ஒரு வாரமாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. உடை மாற்றிவிட்டபோது, மலையில் ஈரம் படாமலிருக்கப் படங்கு சுற்றிக் கட்டும் இடுப்பில் சின்னதாக ஒரு கறுப்புப் பொருக்கு தெரிந்தது.

“அட்டைக் கடிதான் அக்கா. நானும் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவதான், எனக்குத் தெரியாதா?” என்றேன். எனக்கு யாரும் காட்டித் தர வேண்டியதில்லை என்ற நினைப்பு.

முதல் சோதனையில் கொரோனா இல்லை. இரண்டாவதிலும் இல்லை. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. நான்காம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. டொக்டர் மூன்றாவது சோதனைக்கு எழுதினார்.

“வீட்ல சின்னது ரெண்டு கெடக்கு மிஸ்ஸி, என்னயப் பொழைக்க வச்சிருங்க” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. இல்லை, இல்லை என்று சொல்லும் சோதனையை எத்தனை தடவைதான் கேட்பது? வேறு என்னவென்று பார்க்காமல் இன்றைக்கு வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

திரையை இழுத்துவிட்டுத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இடுப்பில் கை நின்றது. பொருக்கு அப்படியே இருந்தது, சுருட்டால் சுட்டதுபோல. கவட்டில் நெறி கட்டியிருந்தது.

“அக்கா, இது அரிக்குதா?”

“இல்லீங்க மிஸ்ஸி.”

“ரத்தம் வடிஞ்சிச்சா?”

“ஒரு சொட்டும் இல்ல. மாட்டுக்கு மானாப்புல் அறுக்கப் போய்ட்டு வந்தப்புறந்தான் பார்த்தேன்.”

அட்டை கடித்தால் ரத்தம் லேசில் நிற்காது. பிறகு நாள்கணக்கில் அரித்துத் தொலைக்கும். இது அட்டையே இல்லை. டொக்டரிடம் ஓடினேன். அவருக்கு இன்னும் பத்துக் கட்டில் பாக்கி. வந்து பார்க்காமல் விடமாட்டேன் என்று சிங்களத்தில் சொல்லி வழியை மறித்து நின்றேன். வந்தார், குனிந்து பார்த்தார். புல்லில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் என்றார். அப்போதே மருந்தைத் தொடங்கினோம்.

இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அக்கா பிளேன்டீ கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோப்பையைக் கொடுத்துக்கொண்டே, “அரிக்கலன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா” என்று செல்லமாகக் கடிந்தேன்.

“நீங்கதானே அட்டைக் கடின்னீங்க. நம்ம லயத்துப் புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

நல்லவேளை, முகக்கவசம் போட்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்குப் போனேன். அங்கே புதிதாக வந்திருந்தவரின் காலிலும் ஒரு காயம் இருந்தது. நானாக ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து கேட்டேன்.