கனமான மண்

என் சித்தப்பாவுக்குச் சந்தையில் ‘கனம்’ என்று பட்டப்பெயர். ஆள் ஒல்லிக்குச்சி. மண் பரிசோதனை அட்டையைத் தப்பாகப் படித்ததால் வந்த பெயர் அது.

மூடிப்போன சுரங்கத்துக்குக் கீழே அவருக்கு ஒன்றரை ஏக்கர் கீரைத் தோட்டம். சுரங்கத்தைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் சாம்பல் நிறக் கழிவு மணலைக் குன்றாகக் குவித்துவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் அதிலிருந்து வழியும் தண்ணீர் துருநிறத்தில் வாய்க்காலுக்கு வரும். கரையோரம் மூக்குச்சளி போல ஒரு மஞ்சள் படலம் ஒட்டியிருக்கும். அதுதான் பாசனத் தண்ணீர். போதாக்குறைக்கு, களிமண் இளகட்டும் என்று அந்த மணலையே இருபது வண்டி அள்ளி வயலில் கொட்டினார் சித்தப்பா.

“சும்மா கிடைக்கிறதை விடுவானேன்?” என்பார்.

போன வருடம் வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்து மண் எடுத்துப்போனார்கள். பழைய அட்டைகளில் தழைச்சத்து குறைவு, மணிச்சத்து குறைவு என்றே இருக்கும். குறைவு என்றால் திட்டு, அதிகம் என்றால் பாராட்டு. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தமுறை கடைசி வரியில், ‘கன உலோகங்கள்: மிக அதிகம்’ என்று இருந்தது. அட்டைக்குச் சட்டம் போட்டுச் சந்தையில் இருந்த தன் கடையில் மாட்டிவிட்டார்.

“கனமான மண்ணுங்க! இரும்புச்சத்து வேணும்னா நம்ம கீரைதான்.”

சனங்களும் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஒரு கட்டு கூடுதலாக வாங்கிப்போனார்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கடைப்பக்கம் போன நான், அந்த வரிக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ஈயம். காட்மியம்.

“சித்தப்பா, இது சத்தில்ல, விஷம். ஈயம் குழந்தைங்க மூளையைக் கெடுக்கும். காட்மியம் கிட்னியைத் தின்னுடும்.”

அவர் முகம் வெளுத்தது. அட்டையைக் கழற்றிச் சாக்குக்கு அடியில் செருகினார். “கத்தாதே. நான் பாத்துக்கறேன்.”

நிறுத்திவிடுவார் என்று நம்பி, வேலை தேடிக் கிளம்பினேன். எங்கேயும் வேலை கிடைக்காமல் மூன்று மாதம் கழித்துத் திரும்பியபோது, வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு தொட்டிகளில் கீரை தளதளவென்று நின்றது. வேறெங்கிருந்தோ கொண்டுவந்த செம்மண், குடிதண்ணீர்க் குழாயிலிருந்து பாய்ச்சல்.

“இது யாருக்கு?”

“வீட்டுக்கு.”

“அப்ப வயல்ல இருக்கறது?”

“ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு. அங்க எப்படியும் மருந்து குடுப்பாங்கல்ல?” என்று சிரித்தார்.

முன்பு அந்தக் கீரையைக் கட்டுக் கட்டிய கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றேன். போய்ச் சித்தியிடம் சொன்னேன். அவள்தான் தினமும் நாற்பது கட்டுகளை அலசி அடுக்குகிறவள். அட்டை தப்பாக வந்துவிட்டது என்றும், தொட்டியில் இருப்பது புது விதை என்றும் சித்தப்பா அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள்.

மதியம் தட்டில் கீரை வைத்தாள். சித்தப்பா நாலு வாய் சாப்பிட்டார்.

“எப்படிங்க இருக்கு?”

“நல்லாத்தானே இருக்கு.”

“வயல்ல பறிச்சது.”

வாயிலிருந்ததைத் தட்டிலேயே துப்பினார். “அடிப்பாவி! கொல்லப் பாக்கறியா?”

“நாலு வாய்க்கே பாவியா? தினம் நாப்பது கட்டு அனுப்பறீங்களே, உங்களுக்கு என்ன பேரு?”

அவர் குழாயடிக்குப் போய் நாக்கை வழித்து வழித்துக் கொப்பளித்தார். அப்போது வாசலில் கேன்டீன் வண்டி வந்து ஹாரன் அடித்தது. கட்டுகள் கூடையில் தயாராக இருந்தன. சித்தி கூடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். “இன்னிக்குக் கீரை இல்லப்பா.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இல்ல. மண்ணு கெட்டுப்போச்சு.”

வண்டி போனது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் குழியில் கவிழ்த்தார். எங்கள் ஆடு ஓடிவந்து அதில் வாய் வைத்தது.

“ஏய், ஏய்! அதைத் தின்னாதே!” என்று பதறிப்போய் விரட்டினார்.

மூன்று மாதமாக ஒரு நோயாளியிடமும் சொல்லாத சொல் அது.