மூன்று கூறாகாத புத்தகம்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு, வளாகம் போகாமல் வீட்டிலிருந்தே எழுதும் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான். பரீட்சையில் தோற்றால் அப்பாவின் மீன்பிடி வள்ளம் காத்திருந்தது. என்னோடு படித்த இருவரில் ஒருவனுக்கு ஊர் நறுவிலிக்குளம், மற்றவனுக்கு முசலி. பாடத்துக்கு ஒரு புத்தகம்தான் வாங்குவோம். அப்பாவின் மீன் கத்தியால் அதன் முதுகைப் பிளந்து மூன்று கூறாக்கி, கிழமைக்கொருமுறை மாற்றிக்கொள்வோம்.

பொருளியல் புத்தகம் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பரீட்சைக்கு ஆறு கிழமை இருந்தது. மின்நூல் வாங்குவோம் என்று சொன்னவன் நான். விலையைப் பார்த்தேன். அச்சுப் புத்தகத்தைவிட அதிகம். ஏன் என்று அதை விற்கும் இணையக் கடைக்கு எழுதிக் கேட்டேன். விலையைப் பதிப்பகமே தீர்மானிக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன்.

"ஐஸ் இல்ல, லொறி இல்ல, பழுதாப் போற சாமானும் இல்ல. பிறகேன் தம்பி இந்த விலை?"

"அவையள் வைக்கிறதுதான் விலையாம் அப்பா."

"கரையில எண்டா நாலு பேர் ஏலத்தில கேட்டு விலை வரும். இதை ஆர் கேட்டது?"

மூவரும் காசு போட்டோம். கனடாவில் இருக்கும் நறுவிலிக்குளத்தானின் அண்ணன் தன் கடனட்டையால் வாங்கித் தந்தார். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அந்தப் புத்தகம் என் போனில் மட்டுமே திறக்கும்.

"இப்ப கத்தியைக் கொண்டு வா மச்சான், போனை வெட்டுவம்" என்றான் முசலியான்.

வேறு வழியில்லாமல் போனையே முறை வைத்தோம், ஆளுக்கு இரண்டு நாள். எனக்கு வரும் அழைப்புகளுக்கெல்லாம் அவர்கள் பதில் சொன்னார்கள். திரும்பி வரும்போது அதில் சார்ஜ் இருந்ததே இல்லை. பரீட்சைக்கு முந்திய கடைசி இரண்டு நாள் முசலியானின் முறை. விட்டுத்தர மாட்டேன் என்றான். மற்ற இருவரும் பஸ் ஏறி அவன் வீட்டுக்கே போனோம். அன்றிரவு அங்கே கரண்ட் இல்லை. ஒரு மேசை, மூன்று தலை, நடுவில் உள்ளங்கை அளவு வெளிச்சம்.

"பக்கத்தைத் திருப்பட்டே?" என்றான் முசலியான்.

"பொறடா, நான் இன்னும் மேல நிக்கிறன்."

விலை பற்றிய அத்தியாயம். இன்னுமொரு அலகை உற்பத்தி செய்ய ஆகும் செலவை நோக்கியே போட்டிச் சந்தையில் விலை இறங்கும் என்றிருந்தது. நறுவிலிக்குளத்தான் அதை இரண்டு தரம் வாசித்தான்.

"இந்தப் புத்தகத்தை வித்தவன் இந்தப் பக்கத்துக்கு வரேல்லப் போல" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றரி ஒன்பது வீதத்தில் நின்றது. இன்னும் நான்கு அத்தியாயம் கிடந்தது.

"திருப்பு" என்றேன்.