செவலையின் மஞ்சள் கம்மல்

1. மழை விடவே இல்லை.
2. வாய்க்கால் கரை உடைந்தது. குடவாசல் பக்கம் இருக்கும் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது.
3. எதிர்வீட்டு மல்லிகா அக்காவின் மாட்டுக் கொட்டகைச் சுவர் விழுந்தது. கன்றுக்குட்டி தப்பித்தது. கறவைப் பசு செவலை போய்விட்டது.
4. தெருவே சேர்ந்து தூக்கி, தென்னந்தோப்பு மேட்டில் செவலையைப் புதைத்தது.
5. மறுநாள், கால்நடையை இழந்தவர்களுக்கு அவசர நிவாரணம் என்று அரசு அறிவித்தது.

நாலும் ஐந்தும் இடம் மாறியிருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத எதுவுமே இருந்திருக்காது!

ஏன்? நிவாரணம் வேண்டுமென்றால் இறந்த மாட்டைக் கால்நடை டாக்டர் பார்த்துச் சான்று தர வேண்டும். பார்க்க மாடு எங்கே? மண்ணுக்குள்.

சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் மல்லிகா அக்கா வீடு ஓடுகிறது. "பணம் வந்தா இன்னொரு மாடு வாங்கிடுவேன் பாப்பா. வரலன்னா..." என்று இழுத்தார் அக்கா.

நான் சாஃப்ட்வேர்க்காரி. ஆதாரம்தானே? போனைக் குடைந்தேன். மாட்டுப் பொங்கல் போட்டோவில் செவலை ஜம்மென்று நின்றாள் — காதை முழுசாக மறைத்த மாலையோடு!

டாக்டரம்மாவும் கிராம நிர்வாக அலுவலரும் வந்தார்கள்.

"காதுல கம்மல் போட்டிருந்தோமே, அந்த நம்பராவது தெரியுமா?" என்றார் டாக்டரம்மா. கம்மல் என்றால், ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் எண் போட்டு மாட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை.

"நம்பர் என்னங்க, கம்மலே இருக்கு!"

அக்கா உள்ளே ஓடி, சாமி படத்தடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். உள்ளே, வெட்டி எடுத்த கம்மல்!

"இத ஏம்மா எடுத்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? பொம்பளைய அடக்கம் பண்றப்ப காதுல கெடக்கறத கழட்டாமயா பண்ணுவோம்? இவளும் பொண்ணுதானே!"

எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அலுவலர் பிரேக் போட்டார்.

"அதெல்லாம் சரிம்மா... மாட்ட வித்துட்டு, கம்மல மட்டும் ஒருத்தர் கொண்டாந்து காட்டுனா?"

தெரு கொதித்தது. பக்கத்து வீட்டுக் கணேசன் அண்ணன் மண்வெட்டியோடு வந்துவிட்டார். "வாங்க சார், தோண்டியே காட்டிடறேன். மூக்க மட்டும் பொத்திக்குங்க."

"ஐயய்யோ, இருங்க, இருங்க!" அலுவலர் பின்வாங்கிய வேகத்தில் செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணைப் போனில் தட்டினார். மல்லிகா அக்கா பெயர், செவலையின் நிறம், போட்ட தடுப்பூசி... எல்லாம் வந்து விழுந்தது.

"நான் ஊசி போட்ட மாடுதான் சார். செவுரு விழுந்து கெடக்கு, புதைச்ச எடமும் தெரியுது. தூக்கினவங்ககிட்ட எழுதி வாங்கிக்கலாமே?"

கையெழுத்துப் போட வரிசை நின்றது. "செவலை என்னைய உதைச்சதையும் சேத்து எழுதுங்க சார், அதுவும் சாட்சிதான்" என்றார் கணேசன் அண்ணன்.

எதற்கெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன் நான்! ஒரு பசுவுக்குச் செய்த கடைசி மரியாதை அரசாங்கத்துக்கு ஆதாரமாகும் என்று எந்தச் செயலி எனக்குச் சொல்லியிருக்கும்?

இன்று காலை நிலவரம்: பணம் வந்துவிட்டது. கொட்டகையில் ஒரு கறுப்புப் பசு நிற்கிறது. அதற்குக் கம்மல் போட வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வருகிறார். பழைய கம்மல் சாமி படத்தடியிலேயே இருக்கிறது. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.