இடிக்குப் பயந்தவரும் ஆரஞ்சு விளக்கும்

கார்த்திகேசுவால் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. வானம் கறுத்துவிட்டால் அந்த ஐந்தும் கிடையாது. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில், ஒரே இடியில் டிவி கருகியதைப் பார்த்த மனிதர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், இப்போது மலேசியாவின் கமுந்திங்கில் தாமான் குடியிருப்பில் வீடு, தொழிற்சாலை வாசலில் ஜாகா என்கிற காவல் வேலை. ஆனாலும் தூரத்தில் உறுமல் கேட்டால் போதும், வீட்டிலுள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கக் கிளம்பிவிடுவார். பாதி நாள் சாயங்காலம் இடியும் மழையுமாக இருக்கிற ஊரில் இப்படி ஒரு ஆள்!

பிளக்கைப் பிடுங்கும் அந்தக் கைதான் வினையை இழுத்தது. போன வருஷம் மகள் சாந்தினி, தோழிகள் நாலு பேரோடு ஆறு மாதம் பயிற்சி எடுத்து, ஒரு கேம் போட்டியின் கடைசி ஆட்டத்தில் இருந்தாள். இடித்தது. இவர் கேட்காமல் கொள்ளாமல் கேம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஆட்டம் போனது. பெட்டியைக் காப்பாற்றியதாகப் பெருமை வேறு. அவள் சண்டை போடவில்லை. அடுத்த மாதமே தெற்கே தூரத்து ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அதற்கப்புறம் போனெல்லாம் அம்மா புஷ்பலதாவுக்குத்தான்.

கேம் பெட்டியை ஒரு நிபந்தனையோடு விட்டுப் போயிருந்தாள். அதை முழுசாக அணைக்கக் கூடாது, தூங்கத்தான் வைக்க வேண்டும். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் தூங்குகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால்தான் அங்கிருந்தே கைப்பேசியில் அதை எழுப்பி விளையாட முடியுமாம். எழுந்தால் விளக்கு வெள்ளையாகும். அப்பா அதில் கை வைக்கக் கூடாது என்றும் அம்மா மூலம் உத்தரவு வந்தது.

எட்டு மாதம் தாக்குப்பிடித்தார். ஒவ்வொரு இடிக்கும் அந்தப் பெட்டியையும் வைஃபையையும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கினார். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார்.

அன்று ஏழு மணி. புஷ்பலதா கோயிலுக்குப் போயிருந்தாள். விளக்கு வெள்ளையாக மாறிய கொஞ்ச நேரத்தில் கூரைக்கு மேலேயே இடித்தது. எதிர்வீட்டு டிவி போன வாரம்தான் புகைந்திருந்தது. கார்த்திகேசுவின் கை பிளக்கைப் பிடித்துவிட்டது. பிடுங்கினால் மகள் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள் என்று பயமாக இருந்தது. இடி நேரத்தில் போன் பேசாதே என்று ஊருக்கே சொல்கிறவர், போனை எடுத்து மகளை அழைத்தார்.

அம்மாவுக்கு என்னவோ என்று பதறித்தான் அவள் எடுத்தாள்.

"சாந்தினி, இங்க பலமா இடிக்குதுலா. நீயே மூடும்மா. மூடிட்டுச் சொல்லு, அப்புறந்தான் பிடுங்குவேன்."

ஆட்டத்தைச் சேமிக்க இரண்டு நிமிடம் கேட்டாள். மின்னல் ஜன்னலில் வெட்டிக்கொண்டிருக்க, பிளக்கில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். வெள்ளை விளக்கு சிமிட்டி அணைந்தது.

"இப்பப் பிடுங்குங்கப்பா." பிடுங்கினார். "நான் விளையாடுறது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெளக்கு வெள்ளையாச்சுன்னா நீ நல்லபடியா ரூமுக்கு வந்துட்டன்னு தெரியும். அதப் பாத்துட்டுத்தான் தெனமும் சாப்பிட உக்காருவேன்."

அவள் போனை வைக்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். மழை விட முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் கார்த்திகேசு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.