சிரிக்காமல் வாசித்த செய்தி

பிள்ளைகளே, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் நான் வேலை பார்த்தபோது, தினமும் பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன். பெண்கள் குச்சி அடைத்துக்கொண்டே கேட்பார்கள். அந்தத் தீக்குச்சி மருந்து வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ள ஏதோ ஒரு வெளிநாட்டில் சட்டம் போட்டதாக ஒருநாள் செய்தி. "அங்கன யாருக்கு யாரு தாலி கட்டுவாவ?" என்று நானாகச் சேர்த்து வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பல வருஷமாக ஒரே வீட்டில் இருந்து, ஒரே தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவரும் பேச்சியும் மாரியும் மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சி வந்தாள்.

"அண்ணாச்சி, சிரிக்காம இன்னொரு மட்டம் வாசிங்க."

வாசித்தேன்.

"அப்பம் அந்த ஊரு ஆஸ்பத்திரியில ஒருத்திக்கு இன்னொருத்தி கையெழுத்துப் போடலாமா?"

"போடலாம்னுதான் நினைக்கேன்."

"போன மாசம் மாரிக்கு ஆபரேஷன். என் கையெழுத்து செல்லாதுன்னுட்டாவ. கடம்பூர்ல இருந்து அவ அண்ணன் வார வரைக்கும் வலியில துடிச்சிக்கிட்டுக் கெடந்தா."

அந்தச் செய்தியை மட்டும் கிழித்து வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இன்னும் வரவில்லை. வரும் நாளில் நான் இருப்பேனோ என்னவோ. நீங்களாவது முதல் தடவையே அந்தச் செய்தியைச் சிரிக்காமல் வாசியுங்கள்.