பூட்டிய அறைக்குள் விழுந்த தாளம்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். சிரிப்பதோடு விட்டேனா, கம்பெனியில் அரக்கர் வேஷத்துக்கு வைத்திருந்த சடையை மாட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் நின்று, சொந்தத் தாய்மாமனையே வேட்டி அவிழ ஓடவிட்டவன். நான் சொல்கிற பத்தில் எட்டு புளுகு, ஒத்துக்கொள்கிறேன். இது மிச்சமுள்ள ரெண்டில் ஒன்று. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். பட்டப்பகல் மூன்று மணிக்கு, சாத்தூரில், பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் நடந்தது.

எங்களுடையது நாட்டிய நாடகக் கம்பெனி. பட்டணத்துப் பத்திரிகையில் இதைப் பாலே என்று எழுதுகிறார்களாம், எங்கள் பக்கத்தில் ஆட்டக் கம்பெனி, அவ்வளவுதான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு ஆடவும் வராது பாடவும் வராது, வாய் மட்டும் வரும், அதனால் திரை இழுப்பது, நோட்டீஸ் கொடுப்பது, குதிரை வேஷத்துக்குப் பின்னங்கால் இரண்டு, இதெல்லாம் என் பொறுப்பு. கம்பெனியை நடத்தியது ராஜாமணியம்மா. அதுவரை கல்யாணக் கொட்டகை, மூடின சினிமாக் கொட்டகை என்று பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர், அந்த வருஷம் எப்படியோ ஒரு தீப்பெட்டி ஆபீஸைப் பிடித்துவிட்டார். தீப்பெட்டி செய்கிற இடத்தை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அது மூன்று வருஷமாக மூடிக் கிடந்தது. நாங்களே ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, மாவிலை கட்டினோம். எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு ஒத்திகைக் கட்டிடம்! அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் ஜமீன் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த நடைக்கு ஆபத்து மாரியப்ப அண்ணாச்சி ரூபத்தில் வந்தது. அவர் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேன். எங்கள் கதாநாயகி செண்பகம் அவர் மகள். "புது எடத்தை வந்து பாக்கேன். பிடிக்கலைன்னா அன்னைக்கே எம்மகளைக் கூட்டிட்டு வந்துருவேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். பத்து நாளில் விருதுநகர்ப் பொருட்காட்சித் திடலில் எங்கள் ஆட்டம், செண்பகம் இல்லையென்றால் ஆட்டமே இல்லை. ராஜாமணியம்மா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செண்பகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, எங்கய்யாகிட்ட ஒன் நக்கலைக் காட்டிராத, ஒன்னைக் கும்பிடுதேன்" என்றாள்.

சுற்றிக் காட்டுகிற வேலை என்னிடம்தான் வந்தது. அண்ணாச்சி இடுப்பு பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அது தொழில் பழக்கம், வெடிமருந்துள்ள இடத்துக்குள் உலோகத்தோடு காலெடுத்து வைக்கமாட்டார்.

"வாங்க அண்ணாச்சி, இதுதான் ஆடுற ஹாலு. எட்டு யானை ஒண்ணா ஆடலாம்."

அவர் ஹாலைப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தார்.

"கதவு வெளிய தொறக்குதா, உள்ள தொறக்குதா?"

"எங்கிட்டு வேணும்னாலும் தொறக்கும் அண்ணாச்சி."

"ஏலே, நீ தெர இழுக்கிற பயதானே? அதான் ஒனக்குக் கதவும் தெரயாத் தெரியுது."

ஆடுகிற பிள்ளைகள் எல்லாம் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கே பதில் கொடுக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே இரண்டு வாசல் இருக்கும், கதவு வெளிப்பக்கம் திறக்கும், ஏதாவது ஆனால் யோசிக்காமல் ஓடுவதற்கு. அந்தக் கண்ணோடுதான் அவர் எங்கள் கட்டிடத்தைச் சுற்றினார். ஒப்பனை அறை, இரண்டு வாசல், சரி. சமையல்கட்டு, இரண்டு வாசல், சரி. துணிமணி வைக்கிற அறை, சரி. ஹாலுக்கு இடது பக்கம் பூட்டின அறைக்கு வந்தபோது நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"பழைய சாமான் அண்ணாச்சி. நாங்க இன்னும் தொறக்கவே இல்ல."

"ஒத்த வாசலா?" என்றார். முகம் சுருங்கிவிட்டது. ராஜாமணியம்மா என்னைப் பார்த்த பார்வையில், வாசலை ஒற்றையாக வைத்துக் கட்டினது நான்தான் போல இருந்தது.

"சரி, ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்க. பாத்துட்டு முடிவைச் சொல்லுதேன்."

அங்கேதான் அடுத்த இடி. எங்கள் ஆட்ட வாத்தியாரும் மிருதங்கக்காரரும் வர வேண்டிய ரயில் கோவில்பட்டியில் நின்றுவிட்டது. சரி, சலங்கைச் சத்தத்தை வைத்து ஒப்பேற்றலாம் என்று செண்பகம் காலில் கட்டப் போனால், அண்ணாச்சி எழுந்தே விட்டார்.

"ஏ புள்ள, கழட்டு அதை! தீப்பெட்டி ஆபீசுத் தரை இது. சந்துல எங்கனயாச்சும் மருந்து கெடந்துச்சுன்னா?"

"பித்தளைதானுங்க, பொறி பறக்காது" என்றார் ராஜாமணியம்மா.

"எம்மக காலை வச்சுப் பரீட்சை பாக்க வேண்டாம்மா."

சலங்கை போச்சு, தாளமும் போச்சு. மிஞ்சினது வாத்தியாருடைய தட்டுக்கழி, மரக்கட்டையில் மரக்குச்சியால் தட்டுவது. யார் தட்டுவது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குதிரையின் பின்னங்காலுக்குத் தாளம் தெரியும் என்று யார் சொன்னது? இருந்தாலும் உட்கார்ந்தேன். செண்பகம் நடுவில் வந்து நின்றாள்.

ஆரம்பித்த உடனே கெடுத்துவிட்டேன். முதல் சுற்றில் ஓடினேன், இரண்டாவதில் பின்தங்கினேன், அவள் பாதம் ஒரு பக்கம் போகிறது, என் குச்சி ஒரு பக்கம் போகிறது, அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்புகிற மாதிரி உட்கார்ந்தார். கை வியர்த்து, குச்சி வழுக்கி விழுந்து உருண்டு ஓடிவிட்டது.

ஆனால் தட்டு நிற்கவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், நிற்கவில்லை. என் கை வெறுங்கை. தாளம் மட்டும் அளந்து வைத்த மாதிரி விழுந்துகொண்டே இருந்தது, மரத்தில் மரம் படுகிற சத்தம், இடது பக்கச் சுவருக்கு அந்தப்புறத்திலிருந்து, பூட்டின அறையிலிருந்து. எனக்கு முதுகில் பல்லி ஓடின மாதிரி இருந்தது. ஆனால் நான் யார்? எல்லாரும் செண்பகத்தைப் பார்த்தார்கள், என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை, நான் வெறுங்கையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

செண்பகத்தின் கால் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அவளை ஆறு மாசமாகப் பார்க்கிறேன், அப்படி அவள் ஆடினதே இல்லை. வெறும் பாதம் தரையில் விழுகிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. கடைசிச் சுற்றுக்கு வந்தாள். ஐந்து தட்டு பாக்கி. அப்போது தாளம் சட்டென்று நின்றது. நின்றது முதலில், அதற்கப்புறம்தான் அவள் நின்றாள், ஒரு காலைத் தூக்கினபடி, முகத்தை மெல்ல இடது பக்கம் அந்தப் பூட்டின கதவுக்குத் திருப்பி. நாலு தட்டு நேரம் ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு பாதம், இரண்டும் ஒன்றாக விழுந்தது. முடிந்தது. எங்கள் வாத்தியார் அப்படி ஒரு நிறுத்தம் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ராஜாமணியம்மா அழுதார். அண்ணாச்சி நேராக என்னிடம் வந்து தன் தோள் துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

"கிறுக்குப்பயன்னு நெனச்சேன்லே. மொதல்ல வேணும்னே தப்பாத் தட்டி எங்களை ஏமாத்தினியாக்கும்?"

நான் வாய் திறந்து உண்மையைச் சொன்னேன். வாழ்க்கையிலேயே சுத்தமாக ஒரு உண்மை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ரூமைத் தொறங்க" என்றார். சாவி ராஜாமணியம்மாவிடம் இருந்தது, துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டுத்தான் திறக்க முடிந்தது. உள்ளே தீக்குச்சி அடுக்குகிற மரச்சட்டங்கள், தரையிலிருந்து கூரை வரை, கதவு நிலை வரை. ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லை, ஒரு பூனை புக முடியாது. எல்லாவற்றின் மேலும் மூன்று வருஷத் தூசி, ஒரு விரல் தடம் இல்லை. இங்கே யாரோ செத்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் ஊரெல்லாம் விசாரித்தேன். ஒரு சின்னத் தீக்காயம்கூட யாருக்கும் பட்டதில்லையாம்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் அந்தச் சட்டங்களைப் பார்த்தார். அப்புறம் ராஜாமணியம்மாவிடம், "இந்த ரூமுக்கு எதுத்தாப்பில இன்னொரு வாசல் வச்சிருங்கம்மா. மத்ததெல்லாம் சரியா இருக்கு. புள்ள இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

மறுவாரமே கொத்தனாரை வைத்து வாசல் திறந்தோம். அதற்கப்புறம் அங்கே ஒரு சத்தமும் வந்ததில்லை.

வாத்தியார் வந்ததும் அந்த நிறுத்தத்தை மேஜையில் தட்டிக் காட்டினேன். மூன்று தடவை தட்டச் சொன்னார். அப்படியே ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். விருதுநகர்த் திடலில் அந்த நாலு தட்டு மௌனம் வந்தபோது கடலைக்காரன்கூடக் கரண்டியை நிறுத்தினான், அதற்கப்புறம் எழுந்த கைத்தட்டலில் பந்தல் தகரம் அதிர்ந்தது. மறுபடி ஆடச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி முதல் வரிசையில் நின்றுகொண்டு, "எம்மக, எம்மக" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது எங்களுக்கு வருஷம் பூராவும் ஆட்டம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும்தான். அந்த மௌனத்தில் நேராகப் பார்க்க வேண்டும் என்பது வாத்தியார் போட்ட விதி. ஆனால் எந்த ஊர், எந்த மேடையானாலும் பிள்ளைகள் எட்டுப்பேர் முகமும் இடது பக்கம் திரும்பிவிடும். செண்பகத்தைப் பார்த்துப் பழகியிருப்பார்கள் என்று நான் தேற்றிக்கொண்டேன். போன மாசம் பரமக்குடியிலிருந்து ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தது. சாத்தூர்க் கட்டிடத்தையோ செண்பகத்தின் ஆட்டத்தையோ அது கண்ணால் கண்டதில்லை. ஆட்டத்துக்குப் போன ஊரில் வைத்த முதல் ஒத்திகையில் அதைத் தனியாக ஆடவிட்டோம், அதுவும் திரும்பியது.

"ஏ புள்ள, அங்கன என்னத்தப் பாத்த?" என்று கேட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னது. "அங்கிட்டிருந்து கூப்பிட்டாகள்ல. ஒங்களுக்குக் கேக்கலையாண்ணே?"