பழைய பாலிஷ் எடுத்த மார்கழி

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால் மண்டபங்களின் தரையை அந்த மாதத்தில்தான் எங்களிடம் விடுவார்கள். மற்ற மாதங்களில் கூட்டித் துடைப்பதோடு சரி. மார்கழியில் பழைய பாலிஷை அடிவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு கிளீனிங் காண்ட்ராக்டரிடம் நான் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசி மார்கழியில் நடந்ததை இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

மொசைக் தரை பளபளக்க அதன் மேல் ஒரு திரவத்தைப் பூசுவார்கள். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி படிந்துவிடும். வருஷா வருஷம் பழையதன் மேலேயே பூசிப் பூசி தரை பழுப்பேறிப் போகும். நாற்காலிக் கால் இழுத்த கோடு, குங்குமம், வெற்றிலைச் சாறு எல்லாம் அந்தப் படலங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதை எடுப்பதற்கென்று கேனில் ஒன்று வரும். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு. நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். தண்ணீரில் கலந்து தரையில் பரப்பி ஊற விட்டால் பழைய பாலிஷ் இளகி, சாம்பல் நிறக் கஞ்சியாக மேலே வரும். மெஷின் போட்டுத் தேய்த்து அதை வாரி எடுக்க வேண்டும். மெஷின் போகாத சுவரோரங்களில் குந்தி உட்கார்ந்து இரும்புப் பட்டையால் சுரண்ட வேண்டும். மருந்து காய்ந்துவிட்டால் பாலிஷ் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே வேலை முடியும்வரை தரை ஈரமாகவே இருக்கும். நாங்களும் அந்த ஈரத்திலேயே நிற்போம்.

அந்த மண்டபத்துக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். மெஷின் ஓட்டுவது சூப்பர்வைசர், வாலாஜாபாத்திலிருந்து பைக்கில் வருகிறவர். சுரண்டுவதும் வாருவதும் நானும் அக்காவும். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பிள்ளையார்பாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் வீட்டிலேயே தறி போட்டிருந்தார். ஒரே மகள் காலேஜில் படித்தாள். அவளை வயிற்றில் சுமந்தபோது வந்த சர்க்கரை பிறகு போகவே இல்லை. "சர்க்கரையும் பொண்ணும் எனக்கு ஒண்ணா வந்துச்சுடி. ரெண்டுமே சொன்ன பேச்சு கேக்காது" என்பார். கால் பாதத்தில் அவருக்கு உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது தெரியாமல் மண்டபம்வரை நடந்து வந்துவிட்டார். அதைப் பார்த்து நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எங்கள் இருவருக்கும் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு ஜோடியில் வலது பூட்ஸின் அடி விரிந்துபோயிருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னபோதெல்லாம், "நாளைக்கு வேற கொண்டாறேம்மா" என்பார். ஆகவே முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் ஒருத்தி கிழிந்ததைப் போட்டால் மறுநாள் மற்றவள்.

முதல் நாள் கிழிந்தது எனக்கு வந்தது. மதியத்துக்குள் விரலிடுக்கெல்லாம் எரிய ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தோல் வெள்ளையாக ஊறி உரிந்திருந்தது. இரண்டாம் நாள் அக்கா போட்டார். அன்று வெறும் கழுவுகிற வேலை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் பெரிய ஹாலில் மருந்து போடும் நாள். முறைப்படி கிழிந்தது எனக்கு.

அன்று எங்கள் ஊர் முசரவாக்கத்திலிருந்து வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டில் ஒரு வேலையும் இல்லை, அதனால் வந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மண்டபத்துக்கு வந்ததும் நல்ல பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அக்கா வந்தார். சுவரோரமாக இருந்த பூட்ஸைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். வலது காலில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிழிந்ததில் காலை நுழைத்தார்.

காலையிலிருந்து நின்றோம். மருந்து நெடியில் கண் கரித்தது. மதியம் சாப்பாட்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தபோது நான் பூட்ஸைக் கழற்றிக் காலைக் கழுவினேன். அக்கா கழற்றவில்லை.

"கழட்டி ஒரு தபா கழுவிட்டு வந்துடுக்கா" என்றேன்.

"மறுபடியும் கவரு கட்டி மாட்டணுமேடி. ஒண்ணும் எரியல, உடு."

விட்டுவிட்டேன். அந்தக் காலில் எரிச்சல் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் நான் வற்புறுத்தவில்லை. கழற்றிப் பார்த்து ஏதாவது இருந்தால் மதியத்துக்கு மேல் நான் அதைப் போட வேண்டியிருக்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர்க் குழாயடியில் அக்கா பூட்ஸைக் கழற்றினார். சாம்பல் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. கவர் எப்போதோ கிழிந்திருந்தது. சாக்ஸை இழுத்தபோது கூடவே தோலும் வந்தது. பாதம் வேகவைத்தது மாதிரி இருந்தது.

"வலிக்குதாக்கா?"

"இல்லியே" என்று சொல்லிவிட்டு, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நல்லாத் தண்ணி ஊத்துங்கம்மா. சரியாப் பூடும்" என்றார். நான் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன். அவரே பைக்கில் அக்காவை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

ஒருநாள் விட்டு மறுநாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டார், காலில் தேங்காய் எண்ணெய் தடவி வேட்டித் துணி சுற்றிக்கொண்டு. அதற்கடுத்த நாள் வரவில்லை. குளிர் ஜுரம் கண்டு, கணவர் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். நான் போனபோது இரண்டு விரல் கறுத்திருந்தது.

"கூட வேலை பாத்தவங்க யாரு?" என்று கேட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இது தீக்காயம் மாதிரிதான். அந்த மருந்துல எவ்ளோ நேரம் கால் இருந்துச்சு?"

"காலைல ஒம்போதுலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் சார்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் அந்த இரண்டு விரலை எடுத்தார்கள். சீழ் நிற்கவில்லை. பத்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் எங்களை வேறொரு மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அக்கா இடத்தில் வேறொரு பெண். எல்லோருக்கும் புது பூட்ஸ். சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"ஒரு கையெழுத்து போடும்மா. ரெண்டு ஜோடியுமே நல்லாத்தான் இருந்துச்சு, அவுங்கதான் சரியாப் போடலன்னு எழுதிக்கீது." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆபீஸ்ல கேக்கறாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்குதும்மா."

போட்டுவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் போட்டேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. இரண்டு ஜோடியும் நல்லவை என்று எழுத்தில் வந்துவிட்டால், நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று ஆகிவிடும். கையெழுத்துப் போடும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மாசி மாதம் அக்காவின் மகள் ஸ்கூட்டியில் முசரவாக்கத்துக்கு வந்தாள். கையில், நஷ்ட ஈடு கேட்டதற்கு ஆபீஸில் கொடுத்த அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸ்.

"இது உங்க கையெழுத்தா சித்தி?"

"ஆமாம்மா."

"அம்மாகிட்ட இன்னும் காட்டல. நீங்களே வந்து சொல்லிடுங்க."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாசலிலேயே காத்திருந்தாள். புடவை மாற்றிக்கொண்டு அவள் வண்டியின் பின்னால் ஏறிப் போனேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே தறி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கணவர் நெய்வதை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

"அன்னிக்கு என் முறைக்கா" என்றேன்.

"தெரியும்டி."

"அப்போ ஏங்க்கா கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருப்பேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

"உடு. நானும் மறுநாளு உனக்கு முன்னாடி வந்து நல்லத எடுத்துக்கணும்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். யாரு காலு எரிஞ்சாலும் எரிச்சல்தானே."

அப்போது மகள் காகிதத்தை நீட்டினாள். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"பூட்ஸு போவட்டும்டி. இது இன்னாத்துக்கு? நான் சரியாப் போடலியா?"

"பயந்துட்டேங்க்கா."

"போ. எந்திரிச்சுப் போயிடு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அக்காவின் மகளோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். முதலில் கையெழுத்திட்டது பொய் என்றும், பூட்ஸ் கிழிந்திருந்தது என்றும், அன்றைக்கு அது என் முறை என்றும் எழுதிக் கொடுத்தேன். கடைசியாகச் சொன்னது நஷ்ட ஈட்டு வழக்குக்குத் தேவையில்லை என்றார் அங்கிருந்த அதிகாரி. இருக்கட்டும் சார் என்றேன். அந்த வாரமே என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. அடுத்த தேதி, அதற்கடுத்த தேதி என்று போய்க்கொண்டிருக்கிறது. நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டுகிறேன். அங்கே சிமெண்டுத் தரைதான்.

அக்கா ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. போன மாதம் மகள் போன் செய்தாள். அம்மாவுக்குச் செயற்கைக் கால் பொருத்த வேண்டும், தனக்குப் பரீட்சை, அப்பாவுக்கு நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுக்க வேண்டிய நாள், நீங்கள் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். போனேன். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கால் பொருத்துகிற இடத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடக்கவிட்டார்கள். "கீழ பாக்காம நடங்கம்மா" என்று காலை மாட்டிவிட்டவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்காவால் முடியவில்லை. பாதம் தரையில் படுகிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். ஏழெட்டு அடி எடுத்து வைத்தார். கம்பியின் முனையில் நான் நின்றேன். வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். புடவை முழுக்க வேர்வை.

திரும்பும்போது பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். அக்காவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "அடுத்த வாரமும் வரச் சொல்லிக்கீறாங்க" என்றார்.

"நான் வரேங்க்கா."

அக்கா ஊன்றுகோலை அக்குளில் கொடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த வாரம் நான் போனேன்.